எழுதிப் போடாமல் காட்டிவிட்டேன்

2022 ஜூலையில் ஒரு சாயங்காலம். லேத்தில் ஒரு ரைஸ் மில் புஷ் கடைந்துகொண்டிருந்தேன். சென்னையில் இருக்கும் பேடன்ட் (காப்புரிமை) ஏஜென்டிடமிருந்து போனுக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் விண்ணப்பத்துக்குப் பேடன்ட் ஆபீஸின் முதல் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது, பாருங்கள் என்று ஒரே வரி. கை முழுக்க கிரீஸ். வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தேன். முதல் இரண்டு பக்கமும் சட்டப் பிரிவு எண்களாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை. என் கண்டுபிடிப்பு புதிது இல்லை என்பதற்கு ஆதாரமாக இரண்டு சமாச்சாரங்கள் அதில் இருந்தன. ஒன்று, 1974-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. இன்னொன்று ஒரு வீடியோ இணைப்பு. அழுத்தினேன். கொஞ்சம் சுற்றிவிட்டு வீடியோ ஓட ஆரம்பித்தது. அதில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் என் லேத். கழுத்தில் அதே சிவப்புத் துண்டு.

என்னை எதிர்த்துச் சாட்சி சொல்ல என்னையே கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்குப் போனது மூன்று லட்சத்துக்கும் மேல், ஆறு வருடம். இதில் பாதியை யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம். எங்கள் பக்கம் லேத் வைத்திருப்பவர்கள், மோட்டார் காயில் கட்டுபவர்கள், டிப்ளமோ முடித்துவிட்டு ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று துடிக்கும் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரிகல் படித்தவன். காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டின் பின்கட்டுக்கு அடுத்து, பழைய வண்டிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பட்டறை போட்டிருக்கிறேன். முன்பக்கம் பார்த்தால் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லுமாகப் பெரிய வீடு. பின்சந்தில் வந்தால் இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், காயில் கட்டும் மேசை ஒன்று. பம்பு ஷாஃப்ட், மில் சாமான், டிராக்டர் பின், இவைதான் சோறு போடும் வேலை.

முதலில் 2017-ல் ஒரு யோசனை வந்தது. லேத் மோட்டார் பாதி நேரம் சும்மா சுற்றுகிறது. வேலையாள் அளவு பார்ப்பான், டூல் மாற்றுவான், டீ குடிப்பான், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். லோடு இல்லாதபோது மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் கரன்ட் மிச்சமாகுமே என்று ஒரு போர்டு செய்தேன். வேலை செய்தது. உடனே தலைகால் புரியாமல் 25 போர்டு அடிக்கக் கொடுத்து, பெட்டி வாங்கி, ஸ்டிக்கர் போட்டு 62,000 ரூபாய் செலவு பண்ணிவிட்டேன். அதற்குப் பிறகுதான், ஒரு பையன் சொன்னானே என்று, கூகுள் பேடன்ட்ஸில் தேடிப் பார்த்தேன். நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் நோலா என்ற பொறியாளர் இதே காரியத்தைச் செய்து 1977-லேயே அமெரிக்காவில் பேடன்ட் வாங்கியிருந்தார். லோடு குறைந்தால் கரன்ட் வோல்டேஜுக்கு இன்னும் பின்தங்கும், அந்தப் பின்னடைவை அளந்து வோல்டேஜை வெட்டு என்பதுதான் அவருடைய வித்தை. என் போர்டும் வரிக்கு வரி அதுதான். நான் திருடவில்லை, நானாக யோசித்ததுதான். ஆனால் 40 வருடம் தாமதம்.

அன்றைக்கு அழுகையாக வந்தாலும் இப்போது யோசித்தால் அதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. பேடன்டின் ஆயுள் 20 வருடம். முடிந்துவிட்டால் அது ஊர்க் கிணறு, யார் வேண்டுமானாலும் இறைக்கலாம். நோலாவின் பேடன்ட்டைப் படித்துத்தான் என் போர்டில் இருந்த ஒரு கோளாறே எனக்குப் புரிந்தது. ஆக, எதையாவது செய்ய ஆரம்பிக்கும் முன் தேடிப் பாருங்கள். செலவே கிடையாது. கூகுள் பேடன்ட்ஸ் இருக்கிறது, ஐரோப்பியர்களின் எஸ்பாஸ்நெட் இருக்கிறது, நம் பேடன்ட் ஆபீஸின் இன்பாஸ் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம். நாம் பட்டறையில் சொல்லும் பெயரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரே பொருளுக்கு நாலைந்து ஆங்கிலப் பெயர் வைத்திருப்பார்கள், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தில் வந்த ஒரு பேடன்ட் கிடைத்ததும், அது எந்தெந்தப் பழைய பேடன்ட்களைச் சுட்டுகிறது என்று கீழே கொடுத்திருப்பார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் சரியான வழி. இரண்டு ராத்திரி போதும். எனக்கு அந்த இரண்டு ராத்திரியின் விலை 62,000.

சரி, இனி பெரிய கதைக்கு வருகிறேன். போர்வெல் டர்பைன் பம்புக்கு லைன் ஷாஃப்ட் கடையும்போது எல்லாருக்கும் வரும் தலைவலி ஒன்று உண்டு. 25 மில்லி தடிமன், நாலடி நீளம். ஒரு பக்கம் சக் பிடித்திருக்கும், மறுபக்கம் டெயில்ஸ்டாக் தாங்கும். நடுவில் டூல் வரும்போது லேத் கத்த ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே என் மேஸ்திரி அண்ணன் பல்லைக் கடிப்பார். கடைந்த இடத்தில் நகத்தை ஓட்டினால் கர்ர்ரென்று ஏறி இறங்கும். மேலே எண்ணெய் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் மணலில் காற்று போட்ட கோடு மாதிரி அலை அலையாக இருக்கும். சாட்டர் என்பார்கள். நடுவில் தாங்க ஸ்டெடி போட்டுப் பிடிக்கலாம், டூலைக் கூராக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். எல்லாம் செய்தும் சில நாள் அடங்காது.

இது ஏன் வருகிறது என்பது எனக்குப் பிடிபட்ட நாளை மறக்க முடியாது. டூல் ஒரு சுற்றில் ஒரு சின்ன அலையை விட்டுவிட்டுப் போகிறது. அடுத்த சுற்றில் அந்த அலை மேலேயே வந்து வெட்டுகிறது. மேட்டில் அதிகம் வெட்டும், பள்ளத்தில் குறைவாக வெட்டும். வெட்டும் பலம் ஏறி இறங்க, ஷாஃப்ட் இன்னும் ஆடும், இன்னும் பெரிய அலையை விடும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பது போல. அப்படியானால் தள்ளுகிற நேரத்தைக் குழப்பிவிட்டால்? ஷாஃப்டைச் சுற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 400 சுற்றில் ஓடுகிறதென்றால், அதை 360-க்கும் 440-க்கும் நடுவில் மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் போன சுற்றின் அலையும் இந்தச் சுற்றின் அலையும் ஒன்றோடொன்று ஜோடி சேராது. இதுதான் என் யோசனை. லேத் மோட்டாருக்கு, வேகத்தை ஏற்றி இறக்கும் பெட்டியான வி.எஃப்.டி. ஒன்று வாங்கி மாட்டினேன். நம் ஆட்கள் டிரைவ் என்பார்களே, அது. 18,500 ரூபாய்.

இந்த இடத்தில், டிரைவ் மாட்டப்போகிறவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் இதிலும் அடி வாங்கினேன். முதல் வாரமே மோட்டார் புகைந்தது. பத்து வருடத்துக்கு முன்பு நானே கட்டிய காயில்தான். நேராக லைனில் ஓடியபோது ஒன்றும் ஆகவில்லை. டிரைவ் கொடுப்பது வழவழப்பான அலை இல்லை, கத்தி மாதிரி செங்குத்தாக ஏறி இறங்கும் துடிப்புகள். கம்பி மேல் இருக்கும் பழைய எனாமல் பூச்சு அதைத் தாங்காது. டிரைவுக்கென்று கட்டும்போது நல்ல கம்பியும் நல்ல வார்னிஷும் போட்டே ஆக வேண்டும். அடுத்தது, மோட்டாரை மெதுவாக ஓட்டினால் அதன் வாலில் இருக்கும் காற்றாடியும் மெதுவாகத்தான் ஓடும், சூடு ஏறும். தனியாக ஒரு ஃபேன் வைத்துவிடுங்கள். வேகத்தைச் சட்டென்று இறக்கினால், சுற்றிக்கொண்டிருக்கும் சக்கின் பளுவே மோட்டாரை ஜெனரேட்டராக ஆக்கிவிடும். டிரைவ் ஓவர்வோல்டேஜ் என்று காட்டிவிட்டு நின்றுபோகும். பிரேக் ரெசிஸ்டர் போட்ட பிறகுதான் என்னுடையது அடங்கியது. முக்கியமானது, கரன்டை நிறுத்திய உடனே மூடியைத் திறக்காதீர்கள். 415 வோல்ட் உள்ளே போனால் கெப்பாசிட்டரில் 587 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கும், இறங்க நேரம் எடுக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைத்தேன். தூக்கி எறிந்ததில் இடது தோள்பட்டை இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

இதற்கிடையில் முன்வீட்டிலிருந்து ஆச்சி வந்து நின்றார். "என்ன தம்பி, நேத்துலேர்ந்து கொசு கத்துற மாதிரி கீச்சுனு கேக்குது, மத்தியானம் கண்ணசர முடியலை" என்றார். டிரைவின் துடிப்பு வேகம்தான் அந்தச் சத்தம். அதை ஏற்றி வைத்தால் காதுக்குக் கேட்காது, ஆனால் டிரைவ் சூடாகும். ஆச்சிக்காக ஏற்றி வைத்துவிட்டு, டிரைவுக்கு ஒரு ஃபேன் வைத்தேன்.

மூன்று மாதம் மல்லுக்கட்டியதில் விஷயம் பிடிபட்டது. எப்போதும் வேகத்தை ஆட்டிக்கொண்டிருந்தால் வேலை நன்றாக வராது, கத்தத் தொடங்கும் நேரத்தில் மட்டும்தான் ஆட்ட வேண்டும். கத்துகிறது என்று பெட்டிக்கு யார் சொல்வது? அதிர்வு சென்சார் வாங்கினால் விலை, அதுவும் கூலன்ட் பட்டு ஒரு மாதத்தில் போய்விடும். அப்போதுதான் மோட்டார் கரன்ட்டை, மின் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் போட்டுப் பார்த்தேன். கத்துவதற்கு ஒரு நொடி முன்பே கரன்டில் ஒரு சின்ன நடுக்கம் தெரிந்தது. வெளியில் சென்சாரே வேண்டாம், மோட்டாரே சொல்லிவிடும். அந்த நடுக்கத்தைப் பிரித்தெடுக்க ஒரு ஃபில்டர் எழுதினேன். அன்றைக்குக் கடைந்த ஷாஃப்டில் மேஸ்திரி அண்ணன் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை ஓட்டினார். அவரிடமிருந்து வந்த அதிகபட்ச பாராட்டு அதுதான்.

2019 நவம்பர். சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தேன். என் மச்சான் மகன் போனில் பதினோரு நிமிட வீடியோ எடுத்து யூடியூபில் போட்டான். ஏழாவது நிமிடத்தில் நான் ஸ்கோப் திரையில் விரலை வைத்து, "இந்த நடுக்கம் தெரியுதா, இதுதான் சூட்சுமம், சென்சாரே தேவையில்லை" என்று சொல்கிறேன். விரல் நகத்தில் இருக்கும் அழுக்குகூடத் தெளிவாகத் தெரிகிறது. நானூறு பேர் பார்த்தார்கள். எனக்கு ராஜா மாதிரி இருந்தது.

அப்புறம் கொரோனா வந்து பட்டறை மூடியது. வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பேடன்ட் வாங்கினால் என்ன என்று தோன்றியது. இணையத்தில் படித்தேன். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம், பாதகமில்லை என்று போட்டிருந்தது. வீடியோ போட்டுப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பாடா என்று 2020 அக்டோபரில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். நான் படித்தது அமெரிக்கச் சட்டம். அங்கேதான் அந்த ஒரு வருடச் சலுகை. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தால், அல்லது அறிஞர் சங்கம் ஒன்றில் கட்டுரையாகப் படித்திருந்தால், இப்படிச் சில இடங்களுக்கு மட்டும்தான் 12 மாதம் உண்டு. யூடியூப், வாட்ஸ்அப் குரூப், கல்லூரிக் கண்காட்சி எதுவும் அதில் சேராது. நீங்கள் உங்கள் வாயால் சொன்னாலும் அது ஊருக்குச் சொன்னதுதான். வாடிக்கையாளர் ஒருவருக்குக் காட்டியே தீர வேண்டும் என்றால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு காட்டுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் போகட்டும்.

ஏஜென்டிடம் போனதும் ஒரு கதை. விடிகாலை பல்லவன் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் மாறி அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். குளிர்சாதன அறை, காபி, எல்லாம் இருந்தது. 1,10,000 ரூபாய் என்றார்கள், இரண்டு தவணை. வீடியோ போட்டீர்களா, யாருக்காவது காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். வந்த வரைவில் லேத்துக்குப் பதில் மில்லிங் மெஷின் படம் இருந்தது. அதைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். ஆனால் எது என்னுடையது என்று உரிமை கோரும் கிளெய்ம் பகுதியை நான் சரியாகப் படிக்கவில்லை. அதுதான் பேடன்ட்டின் உயிர்நாடி. நிலத்துக்கு நான்கெல்லை மாதிரி. அதில் முதல் கிளெய்மாக, 'ஸ்பிண்டில் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டும் முறை' என்று பரவலாக எழுதிவிட்டார்கள். கரன்டை வைத்துக் கண்டுபிடிப்பது ஒன்பதாவது கிளெய்மில் ஒரு வரியாகக் கிடந்தது. எழுதியவரோடு ஒரு தடவைகூட நான் பேசவில்லை, நடுவில் ஒரு பெண் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நீங்கள் ஏஜென்ட் வைத்தால், எழுதுகிற ஆளோடு நேரில் உட்காருங்கள், அவரை ஒரு தடவை லேத் பக்கத்தில் நிற்க வையுங்கள்.

அரசாங்கக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? தனி ஆளாக ஆன்லைனில் போட்டால் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய். பரிசோதிக்கக் கேட்கும் படிவம் 18-க்கு 4,000. கிளெய்ம் பத்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 320. எனக்குப் பதினாறு கிளெய்ம், அதற்கு 1,920. மொத்தம் 7,520 ரூபாய். மிச்சமெல்லாம் ஏஜென்ட் கூலி. கூலி கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல ஆளாக இருந்தால் அந்தக் கூலி தகும். ஆனால் எது சர்க்காருக்கு, எது அவருக்கு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பம் போட்டதும் வேகமாக நடக்கும் என்று நினைத்தேன். 18 மாதம் ஆனால்தான் அதை வெளியிடுவார்கள், வெளியிட்ட பிறகுதான் பரிசோதனைக்குப் போகும். 2,500 ரூபாய் கட்டினால் முன்கூட்டியே வெளியிடுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் வெளியானது, ஜூலையில் நான் ஆரம்பத்தில் சொன்ன அறிக்கை வந்தது. அறிக்கை சொன்னதைப் பாமரமாகச் சொல்கிறேன். வேகத்தை ஆட்டிச் சாட்டரை அடக்குவது 1974-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதிவிட்டது. கரன்டை வைத்துக் கண்டுபிடிப்பது விண்ணப்பதாரரே 2019-ல் வீடியோவில் சொல்லிவிட்டது. மூன்றாவதாக, இதெல்லாம் வெறும் அல்காரிதம், பேடன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி பேடன்ட் கொடுக்க முடியாது என்றும் ஓர் ஆட்சேபணை. மோட்டார் கன்ட்ரோலில் வேலை செய்பவர்கள் இந்த மூன்றாவதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். நம் வேலையெல்லாம் சிப்புக்குள் எழுதும் கட்டளைதான். அதனால் மெஷினில் என்ன மாறியது என்று அளந்து காட்ட வேண்டும். கடைந்த பரப்பின் சொரசொரப்பு மைக்ரான் கணக்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவாகக் குறைந்தது, டூல் எத்தனை ஷாஃப்டுக்குத் தாங்கியது என்று விண்ணப்பத்திலேயே அட்டவணை இருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரே அளவு மேஸ்திரி அண்ணனின் நகம்.

அன்று ராத்திரியே வீடியோவை அழித்தேன். காலையில் ஏஜென்டிடம் பெருமையாகச் சொன்னேன். "அதனால் ஒன்றும் ஆகாது சார், தேதியோடு பதிவாகிவிட்டது, நாம்தான் வெளியிட்டோம் என்பதை நாமே மறுக்கவும் முடியாது" என்றார். பதில் எழுத ஆறு மாதம் கொடுப்பார்கள். பதிலுக்கு 35,000. 2023 ஆகஸ்டில் விசாரணைக்கு 20,000. காணொளியில்தான் விசாரணை. பட்டறையில் சத்தம் என்று ஆச்சி தன் வீட்டுப் பட்டாலையில் மேசை போட்டுக் கொடுத்தார். அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார், ஒரு கேள்விதான் கேட்டார். வீடியோவில் இல்லாதது எது இந்த விண்ணப்பத்தில் இருக்கிறது? எங்கள் பக்கம் அமைதி. மேலே தேக்கு உத்தரத்தில் குருவி கத்தியது நன்றாகக் கேட்டது. அக்டோபரில் நிராகரித்துவிட்டார்கள்.

அதற்கு நாலு மாதம் முன்பே வேறொரு ஊரில் ஒரு கம்பெனி இதே தத்துவத்தில் ஒரு பெட்டி விற்க ஆரம்பித்திருந்தது. என் வீடியோவைப் பார்த்துச் செய்தார்களா, அவர்களாகச் செய்தார்களா, தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஆச்சியிடம் வாடகை கொடுக்கப் போனேன். முகத்தைப் பார்த்தே கேட்டார். உட்கார வைத்துக் காபி கொடுத்து, முழுக்கதையும் கேட்டுவிட்டு, "ஐந்தொகை போட்டீகளா?" என்றார். செட்டியார் வீட்டுக் கணக்கு. வரவு, செலவு, கையிருப்பு எல்லாம் போட்டு ஒத்துப்பார்க்காமல் அவர்கள் தூங்க மாட்டார்கள். அங்கேயே ஒரு தாளில் போட்டோம். முதல் போர்டுகள் 62,000. டிரைவ், இரண்டு தடவை காயில், ஸ்கோப், மற்ற சாமான் 71,000. ஏஜென்ட், பதில், விசாரணை 1,65,000. பயணம், தங்கல் 14,000. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். விட்டுப்போன வேலையைச் சேர்க்கவில்லை. ஆச்சி கூட்டுத்தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணத்துக்கே இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதுற ஊரு இது. பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு ஊருக்கே தெரியும், இருந்தாலும் எழுதுவோம். நீங்க மூணு மாசம் முழிச்சுச் செஞ்ச சாமானை எழுதாமயா காட்டுனீக?"

அதற்குப் பிறகுதான் நான் கொஞ்சம் முறையாகப் படித்தேன். லேத்தில் ஓடும் இந்த இண்டக்‌ஷன் மோட்டாரின் கதையே இதுதான் என்று அப்போது தெரிந்தது. சுழலும் காந்தப் புலத்தை இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் 1885-லேயே செய்து பார்த்துவிட்டார். 1888 மார்ச்சில் கட்டுரையாகப் படித்தார், பேடன்ட் பக்கம் போகவில்லை. டெஸ்லா 1887-லேயே விண்ணப்பம் போட்டு, 1888 மே 1-ம் தேதி பேடன்ட் கைக்கு வந்த பிறகு மே 16-ல் மேடை ஏறிப் பேசினார். ஃபெராரிஸ் பெரிய மனிதர், அவருக்கு அது போதும். எனக்கு லேத் தவணை இருக்கிறது.

எங்கள் ஊரில் 1953-லிருந்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் போவேன், ஆனால் உள்ளே இருப்பவர்கள் பேடன்ட் எழுதுவார்களே, கேட்போம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைக் கடைசியில் கோயிலில்தான் சந்தித்தேன். அவர் சொன்னதில் ஒன்றை உடனே பிடித்துக்கொண்டேன். பக்க எண் அச்சடித்த பைண்டு நோட்டில் அன்றன்றைக்குச் செய்ததை, தோற்றதையும் சேர்த்து, தேதி போட்டு எழுதி, விஷயம் புரிந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இங்கே முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முதலிடம், நோட்டு அதற்கு ஈடு ஆகாது. ஆனால் விண்ணப்பம் எழுதும்போது அளவுகளுக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். நான் மேஸ்திரி அண்ணனிடம் வாங்குகிறேன். அவர் கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படித்து, பிழையும் திருத்துகிறார்.

இன்னொன்று, புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம். எல்லாம் முடிந்திருக்க வேண்டியதில்லை, யோசனையைத் தெளிவாக விளக்கி, படம் போட்டு, அதே 1,600 ரூபாயில் தேதியைப் பிடித்துவிடலாம். முழு விண்ணப்பத்துக்கு அதிலிருந்து 12 மாதம் கெடு. தவறினால் போச்சு. புரொவிஷனலில் எழுதாத ஒன்றை நடுவில் காட்டிவிட்டாலும் அதற்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் கஞ்சத்தனம் பண்ணாமல் தெரிந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும். பரிசோதனைக்குக் கேட்க முன்பு 48 மாதம் இருந்தது. 2024 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு போடும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். பழைய ஆட்கள் பழைய கணக்கைச் சொல்வார்கள், ஜாக்கிரதை.

சாட்டர் பெட்டியை நான் இப்போதும் செய்து கொடுக்கிறேன், பேடன்ட் இல்லாமலே. இதுவரை ஒன்பது போயிருக்கிறது. மாட்டிக் கொடுத்து, மோட்டாருக்கு ஏற்றபடி செட் பண்ணுவதற்குத்தான் காசு. வாழ்க்கை ஓடுகிறது.

புதிதாக ஒன்று கைவசம் இருக்கிறது. மூன்றாவது நோட்டு பாதி நிரம்பிவிட்டது, தேடலும் முடிந்தது, பக்கத்தில் வருகிற பேடன்ட் இரண்டு இருக்கிறது, என்னுடையது எங்கே விலகுகிறது என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். சின்ன லேத்தின் டூல் போஸ்ட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறேன், வேலை இல்லாத நேரத்தில் சாக்கு போட்டு மூடிவிடுவேன். போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு மில்காரர் வந்தார். கூட வந்த பையன் சாக்கைப் பார்த்துவிட்டான். "என்னண்ணே புதுசா? ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?" என்று போனை எடுத்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே பின்கட்டு வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆச்சியின் குரல் வந்தது.

"எடுக்கப்படாது அப்பு. அதுக்கு இன்னும் இசைகுடிமானம் எழுதல."